உத்தரவுக்குப் பழகாத சிறுநீரகம்

சித்திரை வெயில் கொளுத்தும்போது, "பச்சைக் குழந்தைக்கு நா வறண்டிருக்கும், ஒரு சங்கு ஜலம் புகட்டு" என்று சொல்லாத பாட்டி நம் வீடுகளில் அபூர்வம். அன்பினால் எழும் வார்த்தைதான். ஆனால், புகட்டுமுன் குழந்தையின் சிறுநீரகத்தைப் பற்றியும் சிறிது அறிந்துகொள்வது நலம்.

நம் உடம்பில் நீர் குறையும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாஸோப்ரெஸ்ஸின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. 'ஜலத்தை வீணாக்காதே' என்பது சிறுநீரகத்துக்கு அது கொண்டுபோகும் உத்தரவு. சிறுநீரகமும் நீரை ரத்தத்துக்கே திருப்பிவிட்டு, கழிவுகளைக் கொஞ்சம் நீரில் கரைத்து வெளியேற்றுகிறது.

பிறந்த சிசுவிடமும் இந்த ஹார்மோன் உண்டு. உத்தரவு வருகிறது, நிறைவேற்றும் சக்திதான் போதவில்லை. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் இன்னும் குட்டை. நீரைத் திரும்ப ஏற்கும் வாயில்களும் சொற்பம். பெரியவர்களுடைய சிறுநீரின் அடர்த்தியில் ஏறக்குறையப் பாதியைத்தான் சிசுவினால் எட்ட முடிகிறது.

எலிக்குஞ்சிடம் இதைத் தெளிவாகக் காணலாம். மூன்றாவது வாரத்தையொட்டி, அது தாய்ப்பாலை விட்டுத் தானியம் கொறிக்கத் தொடங்கும் பருவத்தில், அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன் ரத்தத்தில் பெருகுகிறது. அதன் தூண்டுதலால் சிறுநீரகம் முதிர்கிறது. வாஸோப்ரெஸ்ஸினின் சொல்லும் எடுபடத் தொடங்குகிறது.

அதுவரை குட்டியைக் காப்பது எது? 1950-களில் கேம்பிரிட்ஜில் மெக்கான்ஸ், எல்ஸி விடோசன் என்ற இருவரும் பன்றிக்குட்டிகளை ஆராய்ந்து விடை கண்டார்கள். தாய்ப்பாலிலுள்ள புரதத்தில் பெரும்பகுதியைக் குட்டி தன் உடம்பாகவே மாற்றிக்கொள்கிறது. ஆகவே சிறுநீரகத்துக்கு வந்து சேரும் கழிவு மிகக் குறைவு.

மனிதத் தாயின் பாலில் புரதம் நூற்றுக்குச் சுமார் 1 பங்கு. பசும்பாலிலோ 3-க்கும் மேல். பசும்பாலைப் புகட்டினால் கழிவு மிகுந்து, அதைக் கரைத்துத் தள்ளச் சிசுவின் உடம்பு நீரை இழக்கும். வெறும் ஜலத்தைப் புகட்டினால் வேறு ஆபத்து. அதை விரைவில் வெளியேற்றச் சிசுவினால் இயலாது. அளவு மிஞ்சினால் ரத்தத்தின் உப்பு நீர்த்து, வலிப்புகூட வரலாம்.

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு ஜலமே. முதல் 6 மாதம், கோடையிலும்கூட, தாய்ப்பாலே போதும். ஜலமும் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வது இதனால்தான்.

எனவே பாட்டி ஜலம் கொண்டு வந்தால் மறுக்க வேண்டாம். தாயார் அதைக் குடித்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுக்கட்டும்.