வாயிலில் நிற்கும் வாத்தியார்

கலைக்குப் பள்ளி தேவையா என்பார் உளர். தேவை என்போம் நாம். 1918-இல் சங்கரதாசு சுவாமிகள் மதுரையில் அமைத்த பாலர் சபை பள்ளியன்றி வேறென்ன? பாட்டும் நடிப்பும் அங்கே பயிற்றினர். ஆனால் குரல் உடைந்தால் சிறுவனின் வேடம் போயிற்று. ஏட்டுக் கல்வியோ முன்னரே போயிற்று! அதைப் பொற்காலமென்று புகழ நாம் அணியமாயில்லை.

இன்றைய பள்ளிகள் பட்டம் தருகின்றன, தரட்டும். 1936-இல் தோன்றிய கலாசேத்திரத்தில் தொடக்கத்தே ஆடல் கற்பித்தவருள் பந்தநல்லூர் நட்டுவனார் மீனாட்சிசுந்தரனார் ஒருவர். எந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி அவர்? இன்றோ தெருக்கூத்து வாத்தியாரிடமும் பறை முழக்குவோரிடமும் பற்பல இடங்களில் சான்றிதழ் கேட்கிறார்கள், தோழர்களே! ஆண்டுக்கொருநாள் விழாவுக்கழைத்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள். ஆடையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நாம் கேட்பது ஆசிரியர் இருக்கையை, அவர் மகளுக்குக் கட்டணமில்லா இடத்தை!