நட்டம் யார் கணக்கில்?

நாட் சம்பளமா, கிலோக் கணக்கா, அல்லது தேயிலைக் காணியைப் பொறுப்பேற்று வருமானத்தில் பங்கா? விரும்பியதைத் தொழிலாளியே தெரிந்தெடுக்கலாம் என்றொரு குரல் சில ஆண்டுகளாக நமது மலையகத் தோட்டங்களில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்பதற்கு இனிமையான குரல்தான். ஆயினும், தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளியை எதுவும் கேட்காமலே எல்லாவற்றையும் தீர்மானித்து வந்தவர்கள் இன்று அவன் விருப்பத்தைக் கேட்கிறார்களென்றால், ஏன் கேட்கிறார்கள் என்று ஆராய்வது நமது கடமையாகின்றது.

நாட் சம்பளம் குறையற்றது என்று வாதாட நாம் முன்வரவில்லை. குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிட்டால் அரைப் பேர். சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் தராசடியிலே கழிவு. நாளொன்றுக்கு 1000 ரூபா என்பதைப் பெறுவதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது! 2021இல் அது வர்த்தமானியில் வெளியானபோது கொம்பனிகள் நீதிமன்றத்தின் படியேறின. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்படும் முன்னரும் இழுபறிக்குக் குறைவில்லை. இந்நிலையில், கைவேகமுள்ள ஓர் இளம்பெண் கிலோக் கணக்கே மேலென்று எண்ணுவாளாயின் அவளைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. கைக்காசுக்குக் கொழுந்தெடுத்து அன்றைய அரிசியை அன்றே வாங்கும் குடும்பத்தின் நெருக்கடியை நாம் அறிவோம்.

ஆனால், கூலியின் வடிவம் வெறும் கணக்குப்பிள்ளையின் விவகாரமா? மழை பொய்த்தால், விலை வீழ்ந்தால், உடல் தளர்ந்தால் அந்த நட்டத்தை யார் சுமப்பது என்பதையே அந்த வடிவம் தீர்மானிக்கின்றது. 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் துண்டுக் கூலிக்கென ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கினார். அளவுக்குக் கூலி என்றானவுடன் தொழிலாளி தனக்குத் தானே மேற்பார்வையாளனாகி விடுகிறான், இடைத்தரகர் நுழைவதற்கும் வழி பிறக்கின்றது என்று அவர் காட்டியது, கங்காணி முறையை அனுபவித்த நமது மக்களுக்குப் புதிய பாடமன்று. இருபத்தைந்து வயதில் கூடையை நிரப்பும் கை, ஐம்பது வயதில் அப்படியே நிரப்புமா? தை, மாசி மாதங்களின் வறட்சியிலும் நுவரெலியாவின் உறைபனியிலும் தளிர் கருகும்போது, கிலோவை எங்கே தேடுவது? முதுமையும் வறட்சியும் கொம்பனியின் ஏட்டிலிருந்து தொழிலாளியின் ஏட்டுக்கு மாற்றி எழுதப்படுகின்றன.

கிலோக் கணக்கேனும் இன்னும் கூலியாகவே இருக்கின்றது. காணியைப் பொறுப்புக் கொடுக்கும் முறையோ அதனினும் ஒரு படி அப்பாற்பட்டது. குறிப்பிட்ட தேயிலைச் செடிகள் ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன. களை பிடுங்குவதும் கொழுந்து பறிப்பதும் அக்குடும்பத்தின் பாடு; உரத்தின் விலை கொழுந்துப் பணத்திலே கழிக்கப்படும்; கொழுந்து தோட்டத்துத் தொழிற்சாலைக்கே போகவேண்டும். இங்கே பெறுவது சம்பளமன்று, விற்பனைப் பணம் என்று சொல்லிவிடலாம். தொழிலாளி என்ற சொல்லே மறைந்து, ‘பங்காளி’ என்ற புதுப் பட்டம் சூட்டப்படுகின்றது.

அந்தப் பட்டத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தவேண்டியது நூற்றுக்கு 12. 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் நூற்றுக்கு 3. ஆக, 1350 ரூபாச் சம்பளத்துக்கு நாளொன்றுக்கு 202 ரூபா 50 சதம். மாதம் 25 நாள் வேலையென்றால் 5,062 ரூபா 50 சதம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ நாட் சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு 14 நாட் சம்பளத்தை உரிமையாக்கியது. முப்பது வருடம் உழைத்தவளுக்கு அது 420 நாட் சம்பளம். 1350 ரூபா வீதம் 567,000 ரூபா. இவற்றோடு பிரசவ காலச் சகாயத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். தொழிலாளி என்ற பெயர் அழிந்தால் இத்தனைக்கும் ஆதாரம் அழிகின்றது.

அண்மைக்கால வரலாற்றையே சான்றுக்கு அழைக்கலாம். 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையிலே தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, மறு ஆண்டில் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சுருங்கியது. அத்தடையை விதித்தவள் கொழுந்து பறிப்பவளா? காணியைப் பொறுப்பேற்ற குடும்பத்துக்கோ, கொழுந்து குறைந்த அளவுக்கு அடுப்பும் அணைந்திருக்கும்.

“தென்னிலங்கையில் சிறுதோட்டக்காரர் வாழவில்லையா? நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு அவர்களுடையதல்லவா?” என்று கேட்பாருளர். உண்மைதான். ஆனால் காலியிலும் மாத்தறையிலும் சிறுதோட்டக்காரருக்கு நிலம் சொந்தம். ஒரு தொழிற்சாலை விலையைக் குறைத்தால் இன்னொன்றின் வாசலுக்குப் போகலாம். மலையகத்துப் ‘பங்காளி’க்கு எது சொந்தம்? நிலம் அரசுடையது, 1992இல் தோட்ட நிருவாகம் கைமாறியபின் அது கொம்பனியின் குத்தகையில் இருக்கின்றது. படுத்துறங்கும் லயத்துக்கும் உறுதியில்லை. நட்டத்திலே பங்கு கொடுப்பவர்கள் நிலத்திலே பங்கு கொடுப்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்!

உரத்தை முன்கொடுத்துக் கொழுந்திலே கழிக்கும் கணக்கைக் காணும்போது நமக்கு வேறொரு பழங்கணக்கும் நினைவுக்கு வருகின்றது. கங்காணியின் முற்பணத்தால் கடனாளியான தொழிலாளி, அக்கடன் தொகை எழுதிய ‘துண்டு’டன் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டான். 1921இல் சட்டம் அத்துண்டை ஒழித்தது. அன்றும் ‘அவர்கள் விரும்பித்தான் வந்தார்கள்’ என்றே சொல்லப்பட்டது. மறுக்க முடியாதவனின் சம்மதத்துக்கு விருப்பம் என்று பெயரிடுவது பழைய வித்தை.

தெரிவு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மெய்யான தெரிவு வேண்டுமென்கிறோம். எந்த முறையானாலும் நிர்ணயித்த நாட் சம்பளத்துக்குக் குறையாத வருமானம் உறுதிசெய்யப்படவேண்டும். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் பணிக்கொடையும் அறுபடலாகாது. உடன்படிக்கை தமிழிலே எழுதப்பட்டு, கைநாட்டுக்கு முன்னர் தொழிற்சங்கத்தின் முன்னிலையில் வாசிக்கப்படவேண்டும். தராசின் முள்ளைக் கொழுந்து கொண்டுவந்தவள் காணவேண்டும். ஒத்துவராவிட்டால் நாட் சம்பளத்துக்குத் திரும்பும் உரிமை வேண்டும். பங்காளியாக்குவதே நோக்கமென்றால், முதலில் காணி உறுதியைக் கையிலே கொடுங்கள்.

இவற்றைத் தர மறுப்பவர்கள் தெரிவைப் பற்றிப் பேசாதிருக்கட்டும். சங்கத் தலைவர்களும், மலையகத்தை எழுதும் நமது எழுத்தாளரும், கையெழுத்துக் கேட்டுக் கடதாசி நீட்டப்படும் ஒவ்வொரு லயத்திலும் ஒரு கேள்வியை முதலில் எழுப்பவேண்டும்: இலாபம் வரும்போது எவ்வளவு என்பது இருக்கட்டும், நட்டம் வரும்போது அது யார் கணக்கில்?