அளவு ஒன்றாய் இருக்கட்டும்

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நிற்கும் நீதிபதி அளவுகோல். அந்த நீதிபதி ஒருவராய் இருந்தால்தானே தீர்ப்பும் ஒன்றாய் இருக்கும்?

நம் முன்னோர் படி, மரக்கால், வீசை, பலம் என்று அளந்தனர். படி என்று சொன்னாலும் சின்னப்படி, பெரிய படி, பட்டணம் படி என ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் பவுண்டும் கெஜமும் வந்து சேர்ந்தன. 12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு கெஜம், 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு என்று மனப்பாடம் செய்தாலன்றிக் கணக்கு வராது. இக்குழப்பம் தீரவே 1956இல் எடை, அளவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோகிராம் கடைத்தெருவுக்கு வந்தது.

ஆயினும், துணியை மீட்டரில் வாங்கி, இரவிக்கையை அங்குலத்தில் தைக்கிறோம். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் 80 செ.மீ. என்று அச்சிட்டிருக்க, 32 அங்குலம் என்றே கேட்கிறோம். "பழகிய அளவை ஏன் விடவேண்டும்?" என்பார் சிலர். பழக்கம் எளிது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கெஜம் 91.44 செ.மீ. மட்டுமே. கெஜத்தின் விலையையும் மீட்டரின் விலையையும் ஒப்பிடத் தெரியாதவர் நஷ்டப்படுவார் அன்றோ? அவர் பெரும்பாலும் படிக்க வாய்ப்பில்லாத ஏழையாகவே இருப்பார்.

அங்குலமும் பவுண்டும் பிறந்த இங்கிலாந்திலேயே, பழைய அளவுகளை மீண்டும் கொண்டு வரலாமா என்று அரசாங்கம் 2022இல் மக்களைக் கேட்டது. பதில் அளித்தவர்களில் 98.7 விழுக்காட்டினர் மெட்ரிக் முறையையே விரும்பினர் என்று 2023இல் அறிவித்தது.

பழைய சொற்களை அழிக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. பவுன் என்ற சொல் இன்றும் வாழ்கிறது. ஆனால் நகைக்கடையில் அது 8 கிராம் என்று யாவரும் அறிவர். பூவை முழம் போட்டு வாங்குவதிலும் தவறில்லை. முழம் கைக்குக் கை மாறும் என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். பெயர் பழையதாய் இருக்கலாம். அளவு தெளிவாய் இருக்கவேண்டும்.

இப்போது பல பொட்டலங்களின் மேல் ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதும் அச்சாகிறது. 90 கிராம் சோப்பையும் 125 கிராம் சோப்பையும் அதைக் கொண்டு நொடியில் ஒப்பிடலாம். அளவு ஒன்றாய் இருப்பதால் கிடைத்த நன்மை இது.

ஆகவே தோழியரே, கடைக்குச் செல்லும்போது விலையை மட்டும் பாராமல் எடையையும் படியுங்கள். படிக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள். கற்ற கல்விக்கு அதுவும் ஒரு பயன்.