குட்டைத் துப்பாக்கியும் முதல் தோட்டாவும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில விவசாயிகளுக்குக் காட்டுப் பன்றிகள் தீராத தலைவலி. ராத்திரியில் கூட்டமாக வந்து சோளக்கொல்லையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். அதனால் அங்கே வருடம் முழுக்கப் பன்றியைச் சுடலாம். நில உரிமையாளர் சம்மதித்தால், தனியார் நிலத்தில் இதற்கு வேட்டை லைசென்ஸ்கூடத் தேவையில்லை என்று 2019-ல் விதியைத் தளர்த்தினார்கள். ஜீப்பிலும் புதரிலும் புகுந்து வேட்டையாடுகிறவர்களுக்கு நீளமான துப்பாக்கி இடைஞ்சல். அதனால் சிலர் ‘புல்பப்’ வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

அதென்ன புல்பப்? சாதாரண ரைஃபிளில் மேகசின் விசைக்கு முன்னால் இருக்கும். அதையும் சுடும் இயந்திரத்தையும் விசைக்குப் பின்னால், தோளில் பதியும் கட்டைக்குள் தள்ளிவிட்டால் புல்பப். ஆஸ்திரிய ராணுவம் 1977-ல் ஏற்றுக்கொண்ட ஸ்டெயர் ஏ.யூ.ஜி. இதில் பிரபலம். 51 செ.மீ. குழல் இருந்தும் மொத்த நீளம் 79 செ.மீ.தான். அதே அளவு குழல் கொண்ட எம்-16ஏ2 ஒரு மீட்டர் வரும்.

ஆக, ‘குட்டையாக இருக்கிறதே, குறி தப்புமோ?’ என்ற பயத்துக்குக் குழல் காரணமில்லை. சிக்கல் விசையில் இருக்கிறது. விரல் முன்னால், சுத்தியல் பின்னால். இரண்டையும் இணைக்க ஒரு நீளக் கம்பி. அதனால் பல புல்பப்களில் விசை கனமாக, கொழகொழவென்று இருக்கும். நல்ல வேட்டை ரைஃபிளின் விசை ஒன்றரைக் கிலோ இழுப்பில் விட்டுவிடும். ஏ.யூ.ஜி.யில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். அந்த இழுப்பில் கை அசைந்தால், குறியும் அசையும்.

எவ்வளவு அசையலாம்? மானுக்கு இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 20 செ.மீ. அகல வட்டம். உங்கள் கையில் ஒரு துப்பாக்கி 100 கஜத்தில் எட்டு செ.மீ. வட்டத்துக்குள் தோட்டாக்களைப் போடுகிறது என்றால், 200 கஜத்தில் 16 செ.மீ., 300 கஜத்தில் 24 செ.மீ. அதாவது 200 கஜத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீறிச் சுட்டால் விலங்கு சாகாமல் காயத்தோடு புதருக்குள் ஓடி, எங்கோ கிடந்து துடித்துச் சாகும்.

அடுத்தது நம்பகம். பிரிட்டிஷ் ராணுவம் 1985-ல் கொண்டுவந்த புல்பப்பான எல்-85, அடிக்கடி சிக்கிக்கொண்டு கெட்ட பெயர் வாங்கியது. பிறகு ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் நிறுவனம்தான் அதைச் சீர்செய்து கொடுத்தது. புல்பப் எல்லாமே அப்படி என்று சொல்ல முடியாது. ஆனால் சிக்கினால் சரிசெய்யும் இடம் கன்னத்துக்கு அடியில், அக்குள் பக்கம் இருக்கிறது. தோளிலிருந்து இறக்கித் திருப்பித்தான் பார்க்க முடியும். காயம்பட்ட பன்றி அதுவரை காத்திருக்காது. இடதுகைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: பல மாடல்களில் காலித் தோட்டா நேராக முகத்தை நோக்கி வரும். குழல் முனை காதுக்கு நெருக்கம் என்பதால் சத்தமும் அதிகம்.

கடைக்காரர் காட்டும் அட்டையில் மூன்று ஓட்டைகள் ஒட்டி இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே ரகத் தோட்டாவை வாங்குங்கள். குழல் குளிர்ந்திருக்கும்போது ஒரே ஒரு தோட்டா சுடுங்கள். இப்படிப் பத்து நாள், ஒரே அட்டையில். காட்டில் உட்கார்ந்தோ மண்டியிட்டோ எப்படிச் சுடுவீர்களோ, அப்படியே சுடுங்கள். பிறகு தூசியும் ஈரமும் பட்ட மேகசின்களோடு நூறு, இருநூறு தோட்டா ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை சிக்கினாலும் காரணம் தெரியும்வரை காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

வண்டியிலிருந்து குதிக்கும் சிப்பாய்க்கு 20 செ.மீ. மிச்சம் பெரிய வரம். மரத்தடியில் ஒரு மணி நேரம் காத்திருப்பவருக்கு அந்த 20 செ.மீ.யைவிட லேசான விசைதான் முக்கியம்.