நெறிகட்டும் பரம்பரைப் பழியும்

நோய்க்குத் தவறான காரணம் சொன்னால் என்ன நேரும் என்பதைப் புக்கிட் பெலண்டோக் மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1998ஆம் ஆண்டு பேராக்கில் தொடங்கிய மூளைக்காய்ச்சல் எங்கள் வட்டாரப் பன்றிப் பண்ணைகளை எட்டியபோது, அதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினர். கொசுவுக்குப் புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். மரணங்கள் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கா பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து புதிய வைரசைப் பிரித்தெடுத்த பின்னரே, குற்றவாளி கொசு அன்று, அது பன்றிகளிடமிருந்து தொற்றிய நோய் என்பது தெளிவாயிற்று. நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர்.

இன்று இன்னொரு நோய்க்கு நம்மவர்களே தவறான காரணம் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். அதனால்தான் பழைய கதையை எடுத்தேன். நான் பேச விரும்புவது லிம்போமா பற்றி. நிணநீர்க் கணுக்களில் தோன்றும் புற்றுநோய் இது. இதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் வகை, முதியோரை மட்டுமன்றிப் பதின்ம வயதினரையும் இருபதுகளில் இருப்போரையும் அதிகம் தேடி வருவது.

என் முன்னாள் மாணவர் ஒருவருக்குப் படிவம் 5 பயிலும்போது கழுத்தில் நெறி கட்டியது. கண்டமாலை என்று எண்ணி வீட்டார் பற்றுப் போட்டனர். மாதங்கள் கழிந்த பிறகே திசுச் சோதனை நடந்தது. ஹாட்ஜ்கின் என்று முடிவு வந்தது. சிகிச்சை முடிந்து, குணமடைந்து, இப்போது வேலைக்குச் செல்கிறார். (இந்நோய் கண்ட இளையோரில் பெரும்பாலோர் இன்று குணமடைகின்றனர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) ஆயினும் அவருடைய அக்காளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோயிற்று. “பரம்பரை வியாதி உள்ள வீடு” என்றார்களாம். சம்பந்தத்தை முறித்த குடும்பம் பிறகு என்ன செய்தது தெரியுமா? வெளியில் பெண் எடுத்தால் என்ன நோய் வந்து சேருமோ என்றஞ்சி, அதே மாப்பிள்ளைக்கு அவருடைய சொந்த அக்காள் மகளையே முடித்து வைத்தது.

அறிவியல் சொல்வது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது.

ஹாட்ஜ்கின் லிம்போமாவில் மரபின் பங்கு அறவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. உண்டு. ஐந்து நோர்டிக் நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு 2015இல் வெளிவந்த ஆய்வு, நோயாளியின் உடன்பிறந்தோருக்கு அபாயம் ஏறத்தாழ 6 மடங்கு என்று காட்டியது. ‘6 மடங்கு’ என்றவுடன் நெஞ்சு பதறுகிறது. ஆனால், எதன் 6 மடங்கு? அரிதான நோயின் 6 மடங்கு. அதே ஆய்வின்படி உடன்பிறந்தவருக்கு வாழ்நாள் முழுவதிலும் இந்நோய் வரும் வாய்ப்பு 100க்கு 1.2 மட்டுமே. ஏறத்தாழ 99 பேருக்கு வாராது! 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, ஒருவருக்கேனும் ஹாட்ஜ்கின் வந்த இரட்டையர்களை ஆராய்ந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த 179 இணைகளில் இருவருக்கும் நோய் கண்டது 10 இணைகளில்தான். ஒன்றாகப் பிறந்தாலும் வெவ்வேறு கருவிலிருந்து வந்த 187 இணைகளில் ஓர் இணையில்கூட இல்லை. மரபணு முற்றிலும் ஒன்றாக இருந்தும் நிலைமை இதுவென்றால், அக்காளின் திருமணத்தை நிறுத்த என்ன நியாயம்?

இனி, நாம் கேளாமல் விடும் கேள்விக்கு வருவோம்.

இளம் வயதில் லிம்போமாவைக் கொண்டுவரும், மெய்யாகவே பரம்பரையான குறைபாடுகள் சில உள்ளன. மிகவும் அரிதானவை. அவற்றுள் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும். ஒரு பிரதி மட்டும் உடைய பெற்றோருக்கு இந்நோய் இராது. தம்மிடம் பழுது இருப்பதும் தெரியாது. அட்டாக்சியா டெலஞ்சியெக்டேசியா அவ்வகை. நடை பழகும் வயதில் குழந்தை தள்ளாடும். சில ஆண்டுகளில் கண்ணின் வெள்ளையில் செந்நரம்புகள் படரும். இக்குழந்தைகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் புற்றுநோய் வருகிறது; இளம் வயதில் அது பெரும்பாலும் லிம்போமா அல்லது இரத்தப் புற்று. கதிர்வீச்சுச் சிகிச்சையோ இவர்களுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது. ஆகவே முன்கூட்டி அறிவது உயிர்ப் பிரச்சினை. ஐ.டி.கே. என்னும் மரபணுக் குறைபாடு 2009இல் தெரிய வந்தது, சொந்தத்தில் மணந்த துருக்கியப் பெற்றோரின் இரு பெண்களிடம். எப்ஸ்டீன்-பார் வைரஸ் நம்மில் அனைவருக்கும் ஏறக்குறைய தொற்றுவதுதான், பெரும்பாலோருக்குப் பெருந்தீங்கு செய்யாது. அந்த இரு சிறுமியரையும் அதுவே கொண்டுபோயிற்று.

அக்காள் மகளை மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு ஏதேனும் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு 8இல் 1. மாமன் மகள், அத்தை மகள் என்றால் 16இல் 1. நம் நாட்டில் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 11ஆம் பிரிவு நெருங்கிய உறவு மணங்களைத் தடுக்கிறது. ஆயினும் இந்துக்கள் வழக்கப்படி அக்காள் மகளை மணப்பதற்கு வெளிப்படையாகவே விலக்களிக்கிறது. சட்டம் இடங்கொடுத்ததை நான் குறை கூறவில்லை. என் தாத்தாவும் பாட்டியும் மாமன் மகள் முறைதான். சொந்தத்தில் மணந்தோரின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர். தோட்டப்புறங்களில் இவ்வழக்கம் முன்போல் இல்லை என்பதும் உண்மை. அயலார் வீட்டுப் பெண்ணின் தம்பிக்கு வந்த நோயைத் துருவும் நாம், சொந்தத்தில் முடிக்கும்போது குடும்பத்தில் சிறு வயதிலேயே இறந்த குழந்தைகள் எத்தனை என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா என்பதே என் வினா.

பெண்களின் தலையில் பழி விழும் வேறொரு வகையும் உண்டு. 1975இல் டேவிட் பர்ட்டிலோ என்னும் மருத்துவர் டங்கன் என்ற குடும்பத்தில் 18 ஆண்பிள்ளைகளுள் 6 பேர் மாண்டதைப் பதிவு செய்தார். பழுதான மரபணு 1998இல் கண்டுபிடிக்கப்பட்டது. தாயின் வழி மகன்களை அடைவது அது. தாய் அறிந்து செய்வதன்று. வேளையோடு கண்டால் குருத்தணு மாற்றுச் சிகிச்சையால் சிறுவனைக் காப்பாற்ற வழியுண்டு. “ராசியில்லாதவள்” என்று மருமகளை ஏசும் வீட்டில் அந்தச் சோதனைக்கு யார் அழைத்துச் செல்வர்?

தலசீமியாவுக்கு 2016 முதல் படிவம் 4 மாணவர்களைச் சோதிக்கும் திட்டம் நம் நாட்டில் வந்தது. லிம்போமாவுக்கு அத்தகைய பொதுச் சோதனை இல்லை. ஆகவே, கேட்டுச் சொல்வது ஒன்றே வழி. நெறி இரண்டு மூன்று வாரத்தில் வடியவில்லையென்றால், வலி இல்லையே என்று இருந்துவிடாமல் சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். நம்மிடையே காசநோயும் கழுத்தில் கட்டியாக வருவதால், திசுவை எடுத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய இயலாது. மருத்துவர் கேளாவிட்டாலும், தாய் தந்தையர் சொந்தமா, குடும்பத்தில் இளவயதில் இறந்தவர் யார் என்பதைச் சொல்லுங்கள். ஐயம் வலுத்தால், கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபியல் மருத்துவர்கள் உள்ளனர். கிளினிக்கிலேயே பரிந்துரைக் கடிதம் கேட்கலாம்.