சட்டைப்பைக்குள்ள போகாத கேமரா எனக்கு எதுக்கு?

போன வாரம் அண்ணன் மகன் சென்னையில் இருந்து போன் பண்ணினான். "சித்தப்பா, கிட் லென்ஸோட மிரர்லெஸ் கேமரா நல்ல விலைக்குக் கிடைக்குது. இன்னும் அந்த டப்பாவையே கட்டிக்கிட்டு அழுவுறீங்களே! பாதிப் பணம் நான் போடுறேன், வாங்கிடுங்க" என்றான். வேண்டாம் தம்பி என்றேன். ஏன்னு கேட்டான். போனில் சொல்லி முடியலை. அதனால இங்கே எழுதுறேன்.

அவனுக்காக மட்டும் இல்லை. எங்க தோப்பைப் பார்க்க வர்ற பட்டணத்து நண்பர்கள் அத்தனை பேரும் இதையேதான் சொல்றாங்க. "நீங்க நல்லா படம் எடுக்குறீங்க ஐயா, ஒரு நல்ல கேமரா இருந்தா எங்கேயோ போயிடுவீங்க." நான் எங்கேயும் போகலைங்க. பேராவூரணிப் பக்கம் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை, கொஞ்சம் தென்னை. இதுக்குள்ளேதான் சுத்திக்கிட்டு இருக்கேன். சுத்தும்போது படம் எடுக்கிறேன். அவ்வளவுதான்.

தெரியாமப் பேசுறான்னு நினைச்சிடாதீங்க. ரெண்டையும் வச்சுப் பார்த்தவன் நான். 2021-ல அண்ணன் மகன் புதுசு வாங்கிட்டு, பழைய மிரர்லெஸ்ஸை என்கிட்ட குடுத்துட்டுப் போனான். ஒன்றரை வருசம் வீட்டில் இருந்துச்சு. எடுத்த படம் 212. அதே ஒன்றரை வருசத்தில் என் சட்டைப்பைக் கேமராவில் எடுத்தது நாலாயிரத்துக்கு மேல. மிரர்லெஸ் எங்கே இருந்துச்சு? பீரோவுக்குள்ள, பட்டுப்புடவைக்குப் பக்கத்தில். பூஞ்சை புடிச்சிடக் கூடாதுன்னு சிலிக்கா பொட்டலம் போட்டு, துணி சுத்தி வச்சிருந்தோம். வரப்பில் பாம்பு சட்டை உரிச்சிக் கிடக்கும். ஓடி வந்து பீரோ சாவி தேடி, பையைத் திறந்து, மூடியைக் கழட்டிக்கிட்டுப் போறதுக்குள்ள காத்து அதை அள்ளிக்கிட்டுப் போயிருக்கும்.

எடையைப் பாருங்க. நான் வச்சிருப்பது 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100. திருச்சியில் கைமாத்துக்கு வந்ததை 16,000 ரூபாய்க்கு வாங்கினேன். பேட்டரியோட 240 கிராம். பாலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வச்சா நான் குனிஞ்சு களை பறிக்கலாம். 2023-ல் வந்த கேனான் ஆர்50, ஆரம்பக்கட்ட மிரர்லெஸ்தான். பேட்டரியோட 375 கிராம், கிட் லென்ஸ் 130 கிராம். அரை கிலோ. அரை கிலோ பெரிய எடையா என்று கேப்பீங்க. எடைகூட இல்லைங்க, லென்ஸ் முன்னாடி துருத்திக்கிட்டு நிக்குது. எந்தச் சட்டைப்பைக்குள்ளேயும் போகாது. கழுத்தில் மாட்டிக்கிட்டு மம்பட்டி புடிக்க முடியாது. கழட்டி வரப்பில் வச்சா மனசு வரப்பிலேயே இருக்கும்.

"சரி, ஆனா தரம்?" என்பான் தம்பி. சென்சார் பெருசு, அதனால இருட்டில் படம் நல்லா வரும் என்பான். இங்கேதான் முழுசாச் சொல்லாம பாதியைச் சொல்லி விக்கிறாங்க. நான் ஹைஸ்கூலோட நின்னவன். ஆனா வகுத்தல் கணக்கு தெரியும்.

தண்ணி பாய்ச்சினவனுக்கு இது சுலபமாப் புரியும். சென்சார் வயல் மாதிரி. லென்ஸோட வாய் மடை மாதிரி. வயல் பெருசா இருந்தா மட்டும் தண்ணி நிறைஞ்சிடுமா? மடை எவ்வளவு அகலம்? ஆர்50-ஓட சென்சார் என் கேமரா சென்சாரைவிடப் பரப்பில் ஏறக்குறைய மூணு மடங்கு. ஒத்துக்கிறேன். ஆனா அதோட வர்ற கிட் லென்ஸ் 18-45 மில்லிமீட்டர், ஆரம்பத்தில் எஃப் 4.5. பதினெட்டை நாலரையால் வகுத்தா வாய் 4 மில்லிமீட்டர். என் டப்பாவில் 10.4 மில்லிமீட்டர், எஃப் 1.8. வகுத்தா 5.8 மில்லிமீட்டர். ரெண்டும் ஏறக்குறைய ஒரே அகலக் காட்சியைப் பார்க்குது. அப்போ எந்த மடை பெருசு? சின்ன டப்பாவோட மடைதான். பரப்பில் பார்த்தா ரெண்டு மடங்கு. அந்தி நேரத்தில், ஜூம் பண்ணாம எடுக்கிற படத்துக்கு, பெரிய சென்சார்னு சொல்லி விக்கிறது உங்களுக்கு வெளிச்சத்தைக் கூட்டித் தரலை. பெரிய வயலை வாங்கிட்டுச் சின்னக் குழாய் பதிச்ச கதைதான்.

நியாயமா மறுபக்கமும் சொல்லிடுறேன். ஜூம் பண்ணினா என் டப்பாவோட மடை அவ்வளவா விரியாது, மிரர்லெஸ் கொஞ்சம் முந்தும். நல்ல வெயிலில் வானமும் நிழலும் ஒரே படத்தில் வேணும்னா பெரிய வயல் நிறையத் தாங்கும். அதெல்லாம் உண்மை. ஆனா அதுக்காக மூணு மடங்கு விலை குடுக்கணுமா என்பதுதான் கேள்வி. தேங்காயை நான் பத்து ரூபாய்க்குப் போட்ட வருசம் அது. அரை லட்ச ரூபாய் என்றால் ஐயாயிரம் தேங்காய்.

அதோட முடிஞ்சாலும் பரவாயில்லை. மிரர்லெஸ் என்பது பவர் டில்லர் வாங்குற மாதிரி. எஞ்சின் ஒரு விலை, அப்புறம் கலப்பை தனி, டிரெய்லர் தனி. பாடியைக் குறைஞ்ச விலைக்குக் குடுத்து லென்ஸில் புடிப்பாங்க. அந்த மவுன்ட்டை நம்பி ஒரு தடவை உள்ளே போயிட்டா வேற கம்பெனிக்குச் சுலபமா மாற முடியாது. வீரிய ஒட்டு விதையை வருசா வருசம் வாங்கினவனுக்கு இந்த வியாபாரம் நல்லாத் தெரியும்.

ரெண்டாவது லென்ஸ் வாங்கினவங்களைக் கேக்கிறேன், கதிர் அடிக்கிற களத்தில் நின்னு லென்ஸ் மாத்திப் பாருங்க. பழைய எஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னாடி ஒரு கண்ணாடியாவது இருந்துச்சு. மிரர்லெஸ் என்ற பேரே கண்ணாடி இல்லைன்னுதான். பல மாடல்களில் லென்ஸைக் கழட்டினா சென்சார் மூஞ்சியைக் காட்டிக்கிட்டு நிக்கும். தூசும் சுங்கும் நேரா அதில்தான் உட்காரும்.

டப்பாவுக்கும் தூசு எமன்தான், மறைக்கலை. லென்ஸ் குழாய் வெளியே நீண்டு வருமே, அந்த இடுக்கில் மணல் போனா சிக்கிக்கும். முன்னாடி வச்சிருந்த ஒரு சின்னக் கேமரா அப்படித்தான் போச்சு. கடைக்காரர் பார்த்துட்டு, இதைச் சரி பண்ற காசுக்கு வேற வாங்கிடலாம்னுட்டார். என் டப்பாவில் கண்ணை வச்சுப் பார்க்கிற வ்யூஃபைண்டரும் கிடையாது. உச்சி வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கிட்டுத்தான் திரையைப் பார்க்கிறேன்.

"அப்போ போனே போதுமே" என்று யாராவது சொல்வீங்க. உண்மைதான், பல பேருக்குப் போதும். அதனாலதான் 2010-ல 12 கோடிக் கேமரா அனுப்பின ஜப்பான் கம்பெனிகள் 2023-ல 80 லட்சம்கூட அனுப்பலை. அதில் அதிகம் செத்தது டப்பாக் கேமராதான். ஆனா எனக்குச் சேத்துக் கையோட போனைத் தொட முடியலை. பம்ப்செட் தொட்டியில் விழுந்தா கேமரா மட்டும் போகட்டும். பேங்க், கேஸ் புக்கிங், மகளோட பேசுறது எல்லாம் சேர்ந்து போக வேண்டாம்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். எனக்குக் கோபம் விலையில் இல்லை, எடையில் இல்லை. அந்த மங்கலில்தான்.

ஆரம்பக்கட்ட மிரர்லெஸ் வாங்குற பத்துப் பேரில் எட்டுப் பேர் எதுக்கு வாங்குறீங்க? பின்னாடி மங்கலாத் தெரியணும், ஆள் மட்டும் பளிச்சுன்னு இருக்கணும். அதுதானே? அதுக்குப் பேரு தொழில்முறைப் படம் என்கிறீங்க.

2017 பொங்கல் லீவுக்கு அண்ணன் மகன் வந்திருந்தான். தமிழ்நாடே வறட்சி மாநிலம்னு அறிவிச்ச மாசம். புது ஆத்துல தண்ணி எங்க கடைமடைக்கு வரவே இல்லை. ஆத்தா தோப்பு ஓரத்தில் உட்கார்ந்து கீத்து முடைஞ்சிக்கிட்டு இருந்துச்சு. அவன் மிரர்லெஸ்ஸில் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸைப் போட்டு, "அப்பாயி, இங்க பாரு" என்று ஒரு படம் எடுத்தான். பக்கத்திலேயே நின்னு நான் அப்போ வச்சிருந்த பழைய டப்பாவில் ஒண்ணு எடுத்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன சென்சார் அதில்.

அவன் படத்தில் ஆத்தாவோட முகச் சுருக்கம் ஒவ்வொண்ணும் தெரியும். மூக்குத்தி மின்னும். பின்னாடி வெறும் பச்சையும் பழுப்பும், குழைச்சு அப்பின மாதிரி. என் படத்தில் ஆத்தா முகம் சுமார்தான். ஆனா பின்னாடி எல்லாம் இருக்கு. கை விரல் போற அளவுக்கு வெடிச்ச வயல். சாய்ஞ்ச போரிங் கொட்டகை. அதுக்கும் பின்னாடி தென்னை. எண்ணலாம். நான் எண்ணிட்டேன், 31 மரம். அப்பா வச்ச மரங்கள்.

2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்க மேல வந்துச்சு. காலையில் எந்திரிச்சுப் பார்த்தா தோப்பு இல்லை. அந்த 31-ல மூணுதான் நின்னுச்சு. ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசலை. அடுத்த வருசம் ஆத்தாவும் போயிடுச்சு.

மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அண்ணன் மகன் எடுத்த படம்தான். பொய் சொல்ல மாட்டேன், அந்த முகத்தை என் டப்பா எடுத்திருக்காது. ஆனா உறவுக்காரங்க வந்தா நான் எடுத்துக் காட்டுறது மத்தது. "இங்க பாரு, இந்த மூணாவது மரம், இதுலதான் இளநீ தித்திப்பா இருக்கும்" என்று சொல்ல அதில்தான் இடம் இருக்கு. மாலை போட்ட படத்தில் ஆத்தா எங்கே உட்கார்ந்திருக்குன்னு யாராலும் சொல்ல முடியாது. சென்னை பார்க்கில் உட்கார்ந்திருந்தாலும் அதே பச்சைதான்.

"சித்தப்பா, மிரர்லெஸ்லயும் எஃப் 8, எஃப் 11 வச்சா பின்னாடி தெளிவா வருமே" என்பான் தம்பி. வரும். ஆனா மடையை அடைச்சுட்டா பெரிய வயலுக்கு என்ன பிரயோசனம்? தோப்பு நிழலில் அப்படி அடைச்சா ஐஎஸ்ஓவை ஏத்தணும், புள்ளி புள்ளியா வரும், பெரிய சென்சாரோட லாபம் அங்கேயே தீர்ந்துடும். முன்னாடியும் பின்னாடியும் தெளிவா வேணும் என்கிறவனுக்குச் சின்ன சென்சார் குறையே இல்லைங்க. அதுதான் வேணும்.

உங்க படங்களை நானும் பார்க்கிறேன். கிராமம், விவசாயி, வெத்திலை போட்ட கிழவி. எல்லாத்துக்கும் பின்னாடி அழகா ஒரு மங்கல். அந்த மங்கலுக்குள்ளதான் எங்க காஞ்ச வாய்க்கால் இருக்கு, விலை போகாம குவிஞ்ச தேங்காய் இருக்கு, வித்துப் பிளாட் போட்ட பக்கத்து வயலோட கல்லு இருக்கு. உங்களுக்கு எங்க முகம் வேணும், ஊரு வேண்டாம். எங்களுக்கு ஊரோட சேர்ந்ததுதான் முகம்.

கேமரா வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பறவை எடுக்கணும், கல்யாணம் எடுத்துச் சம்பாதிக்கணும், ராத்திரித் திருவிழா எடுக்கணும், கூடவே ரெண்டாவது லென்ஸ் வாங்கக் காசு இருக்கு என்றால் தாராளமா மிரர்லெஸ் வாங்குங்க. கிட் லென்ஸோட நின்னுடுவோம் என்றால் வாங்காதீங்க. ஒரு அங்குல சென்சார் வச்ச நல்ல டப்பா, பழசானாலும் பரவாயில்லை, போதும். வாங்குறதுக்கு முன்னாடி தினம் போட்டுக்கிற சட்டையில் அது போகுதான்னு கடையிலேயே வச்சுப் பாருங்க.

தம்பி, பாதிப் பணம் போடுறேன்னியே, அந்தப் பணத்துக்குத் தென்னம்புள்ளை வாங்கிக் குடு. கஜாவுக்கு அப்புறம் வச்சதில் எட்டு, பாளை விட்டிருக்கு. இன்னும் இடம் கிடக்கு. பொங்கலுக்கு வா. உன் மகளை அதே இடத்தில் உட்கார வச்சுப் படம் எடுக்கணும். ரெண்டு பேரும் எடுப்போம். என் படத்தில் மரத்தை எண்ணிக்கலாம்.