பொலிஸ் ஜீப் கரண்டில் ஓடினால்?

மின்சாரக் கார் பொலிஸ் வேலைக்குச் சரிவருமா என்று யாராவது கேட்டால், உடனே ஒரு கதை வந்துவிடும். 2019 செப்டெம்பர், கலிபோர்னியாவின் ஃப்ரீமொண்ட் நகரம். பொலிஸாரின் டெஸ்லா மொடல் எஸ் ஒன்று, இரவு நேரத்தில் சந்தேகநபர் ஒருவரின் காரைத் துரத்திக்கொண்டு போகிறது. நடுவழியில் பொலிஸ்காரர் ரேடியோவில் அறிவிக்கிறார்: பற்றரியில் இன்னும் 6 மைல்தான் மிச்சம். உலகமே சிரித்தது. நாங்களும் ஹொஸ்டல் அறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிரித்து முடிந்தபிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கார் பழுதாகவில்லை. வேலைக்கு எடுக்க முதல் அதை முழுதாக சார்ஜ் பண்ணவில்லை, அவ்வளவுதான். பெற்றோல் அடிக்க மறந்தாலும் இதுதான் நடக்கும். ஆனால் பெற்றோலை 5 நிமிடத்தில் அடிச்சுக்கொண்டு போகலாம், சார்ஜுக்குக் காத்திருக்கவேணும். மூன்று ஷிப்டுக்கும் ஒரே வாகனம் என்றால் அந்தக் காத்திருப்புத்தான் பிரச்சினை.

அடுத்த கேள்வி, துரத்துவதுதான் பொலிஸ் வேலையா? சினிமாவில் அப்படித்தான். நிஜத்தில் பொலிஸ் வாகனம் கூடுதலான நேரம் நிற்கும், இல்லாவிட்டால் மெதுவாக ஊரைச் சுற்றும். ஏசிக்கும் விளக்குக்கும் ரேடியோவுக்குமாக எஞ்சினை அணைக்காமல் நின்றால், சும்மா நின்றபடியே மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 1 லீற்றர் எண்ணெய் போகும். மின்சாரக் காரில் ஓடாத எஞ்சினுக்காக எதுவும் எரிவதில்லை. மெதுவாகப் போய், நின்று, திரும்பப் போகிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை.

அதனால்தான் அதே கலிபோர்னியாவில், சவுத் பசடினா நகரப் பொலிஸ் 2024இல் தன் பெற்றோல் கார்களை முழுதாக விட்டுவிட்டு 20 டெஸ்லாக்களுக்கு மாறியது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேணும். அந்த நகரம் முழுவதும் சேர்த்து 9 சதுர கிலோமீற்றர்தான். எங்கட முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். அங்கே சரிவந்தது இங்கேயும் அப்படியே சரிவரும் என்று சொல்ல ஏலாது.

அப்ப இலங்கைக்கு இது சரிவராதா? நாங்கள் அப்படிச் சொல்ல வரவில்லை. எங்களுக்கு இந்தக் கேள்வி வேறொரு இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

2022, பெற்றோல் வரிசைக் காலம். எங்கட பட்ச் நண்பி ஒருத்தியின் பக்கத்து வீட்டில் ஒரு மனிசன் குடிச்சுப்போட்டு மனைவியைப் போட்டு அடிக்கிறான். இரவு பதினொரு மணி. இவள் பொலிஸுக்கு எடுக்கிறாள். வந்த பதில்: “வாகனத்துக்கு எண்ணெய் இல்லை, ஒரு ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ.” ஓட்டோவுக்கு மட்டும் எண்ணெய் எங்கால? விடியும்வரை ஒருவரும் வரவில்லை. அந்த அக்காவை விடிந்தபிறகு ஊர்ச்சனம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

ஒரு பொலிஸ் வாகனம் நடைமுறைக்குச் சரிவருமா என்பதை ஓட்டுகிறவரின் சீற்றில் இருந்து மட்டும் பார்க்கக்கூடாது. அந்த வீட்டு வாசலில் நின்றுதான் பார்க்கவேணும். கூப்பிட்டால் வருமா? எத்தனை நிமிடத்தில் வரும்?

அந்த இடத்தில் நின்று பார்த்தால் பெற்றோலும் எங்களைக் கைவிட்டிருக்கிறது, கரண்டும் கைவிட்டிருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் பாய்ந்த குரங்குதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்கொன்று பாய்ந்தால் பொலிஸ் வராது என்ற நிலை எங்களுக்கு வேண்டாம்.

கூரையில் சோலர் பூட்டலாமே என்பீர்கள். பூட்டத்தான் வேணும். ஆனால் பொதுவாக வீடுகளில் பூட்டுகிற சோலர், மெயின் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். சேமிக்கிற பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இருந்தால்தான் இருட்டிலும் வாகனத்துக்கு சார்ஜ் ஏறும். சாதாரண 13 அம்பியர் பிளக்கில் 60 கிலோவாட் மணி பற்றரியை நிரப்ப 20 மணித்தியாலமாவது போகும் என்பதையும் கணக்கில் எடுக்கவேணும். அதனால் காரை மட்டும் வாங்கிக் கொடுத்து, ரிபன் வெட்டிப் படம் எடுத்துவிட்டுப் போனால், மூன்று மாதத்தில் அது பொலிஸ் நிலைய வளவில் தூசி பிடித்து நிற்கும்.

எங்கட கருத்து இதுதான். காரில் தொடங்க வேண்டாம். மின்சார மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் தொடங்குங்கள். ஒரு சின்ன ஸ்கூட்டரின் பற்றரி 2, 3 கிலோவாட் மணிதான். இரவில் குத்திவிட்டால் காலையில் ஆயத்தம், விலையும் குறைவு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு மாதிரி நகரங்களின் ஒழுங்கைகளுக்குள் ஜீப்பை விட அதுதான் கெதியாகப் போகும். தூர இடங்களுக்கும் அவசரத்துக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு டீசல் வாகனம் இருக்கட்டும். 90களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஒரே எரிபொருளை நம்பியிருந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்லவேணும். எங்கட அம்மாமார் இரவில் வாகனச் சத்தத்தை வைத்தே வருகிறது யார் என்று கண்டுபிடித்தவர்கள். சத்தம் வாசலில் நின்றால் நெஞ்சு நின்றுபோகும். சத்தமே இல்லாமல் ஒரு பொலிஸ் வாகனம் ஒழுங்கைக்குள் வருவதை நினைத்தால் அவர்களுக்கு இன்றைக்கும் பயம்தான். ஐரோப்பாவில் புதிய மின்சாரக் கார்கள் மெதுவாக ஓடும்போது எச்சரிக்கைச் சத்தம் எழுப்பவேணும் என்று சட்டமே இருக்கிறது; பாதசாரிகளுக்காக. இங்கே அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

வாங்க முதல் ஒரு வேலை செய்யலாம். அரசாங்க வாகனத்துக்கு ரனிங் சார்ட் எழுதுகிறார்கள்தானே? எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று அதில் இருக்கும். அதோடு இன்னொரு நிரலும் போடட்டும்: வாகனம் இல்லாததால், எண்ணெய் இல்லாததால் போகாமல் விட்ட அழைப்புகள் எத்தனை? ஒரு வருசம் எழுதிப் பார்த்தால், எந்த ஊருக்கு எந்த வாகனம் வேணும் என்று தெரிந்துவிடும். அந்த அக்காவின் இரவும் ஒரு வரியாக அதில் இருந்திருக்கும்.